சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து ஒன்று வரை

பெயரைச் சொல்லக் கூடாது என்றார்கள்.
சொல்லவில்லை.
ஊருக்குள் அவன் 'ஒயர்'.
ஒயர் போறான். ஒயர் வந்துட்டான்.
அதற்குச் சட்டத்தில் தடை இல்லைபோல.

நூற்றெண்பது அடி.
கிணற்று மேட்டிலிருந்து பெட்டி வரைக்கும்
ஒரே ராத்திரியில்.
விடியக்காலம் சுவிட்சைத் தட்டினேன்.
கிணற்றுக்குள் ஒரு புறா மட்டும் படபடத்தது.

பதினோரு நாள்.
பூவெடுத்த கத்திரி
உச்சி வெயிலில் கழுத்தை மடித்துக்கொண்டதை
எந்த மனுவில், எந்தப் பத்தியில் எழுதுவது?
மாட்டுக்கு டிராக்டர் தண்ணி,
ஒரு நடை எண்ணூறு ரூபாய்.

"உள்ள போடுங்க" என்றுதான் சொன்னேன்.
திருப்பூரில், ஃபேன் கிறீச்சிடும் அறையில்,
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.
ஓரத்தில் இருந்த அம்மா கேட்டார்:
உள்ள போட்டா உங்களுக்கு என்னங்க கெடைக்கும்?
கோபம் வந்தது.
ஏனுங்க, எனக்கென்ன கெடைக்கோணும்?
தண்ணியா கெடைக்கும்?
கேட்டுவிட்டு நானே நின்றுபோனேன்.

பதினாறு வயசு. என் தோள் உயரம்.
ரப்பரை எரித்துச் செம்பெடுத்த விரல் நுனிகள்
இன்னும் கறுப்பாக இருந்தன.
நாலாயிரத்துக்கு விற்றானாம்.
வாங்கிய காயலாங்கடைக்காரனை
யாரும் அந்த அறைக்குக் கூப்பிடவில்லை.
அவன் கடை இன்றைக்கும் திறந்திருக்கிறது,
எடைக்கல் பளபளப்பாக.

எண்பது மணி நேரம் என்று எழுதினார்கள்.
மூலனூர் கால்நடை மருந்தகம், சனிக்கிழமைகள்,
ஒன்பதிலிருந்து ஒன்று வரை.
சாணி வாரி, தொட்டி கழுவி,
ஊசி போடும்போது மாட்டைப் பிடிக்க வேண்டும்.
இதெல்லாம் ஒரு தண்டனையா என்றார் மச்சாண்டார்.
நாம தினமும் செய்யறதுதானே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை
மயிலைக்கு மடி கல்லாகிவிட்டது.
கன்னிவாடிக்கு ஓட்டியிருக்கலாம்.
அவன் இருப்பான் என்று தெரிந்தே
மூலனூருக்கு ஆட்டோ பேசினேன்.

மூக்கணாங்கயிற்றை அவன்தான் பிடித்தான்.
மாடு அவன் காலை மிதித்தது.
கயிறு விடவில்லை.
"பயப்படுதுங்க" என்றான், என்னைப் பார்க்காமல்.
தப்புதானுங்க என்று ஒரு வார்த்தை வரும் என
ஊசி ஏறி இறங்கும்வரை காத்திருந்தேன்.
வந்தது வேறு.
"இப்ப தண்ணி வருதுங்களா?"
வருது என்றேன்.
வேறென்ன சொல்ல? வருதுதானே.

சீட்டு வாங்கப் போனபோது
பதிவேடு விரிந்து கிடந்தது.
வந்த நேரம், போன நேரம்,
தலைப்பெழுத்தோடு முழுப் பெயர்,
ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று
எழுதிய கை.
நான்கு வரியிலும் அதே பெயர்.
ஐந்தாவது வரியில் போன நேரம் மட்டும்
இன்னும் காலியாக.

ஏழாவது வாரம் வரவில்லை.
நன்னடத்தை அலுவலர் ஜெயசீலி
ஸ்கூட்டரில் வீடு தேடிப் போனார்.
அம்மா மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்குகிறாள்,
இவன் கரூரில் பஸ் கட்டுகிற பட்டறையில்
ஒரு நாள் கூலிக்கு.
திட்டினாரா தெரியாது.
எட்டாவது வாரம் எட்டு மணி நேரம் நின்றான்
என்று டாக்டர் சொன்னார்.

திருந்திட்டானா என்று கேட்காதீர்கள்.
மோட்டார் ரூமுக்கு இன்னும் இரண்டு பூட்டு.
இரண்டாவதைப் பூட்ட
சில ராத்திரி மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

நேற்று தாராபுரம் பஸ்ஸுக்கு நிற்கையில்
பாவாத்தாள் முழங்கையால் இடித்தாள்:
"அக்கோவ், ஒயர் போறான் பாரு."
"அவனுக்குப் பேரு இருக்குது."
"என்ன பேரு?"

சொல்லக் கூடாது.
பஸ் வந்துவிட்டது.